லேடெக்ஸ் மெத்தையைத் துவைப்பது எப்படி? (துவைக்காதீங்க!)

செமஸ்டர் தேர்வு முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் தாள் எப்படி எழுதினேன்னு யாரும் கேட்காதீங்க, அது தனி சோகம். இன்னைக்கு வேற ஒரு சோகத்தைப் பற்றி எழுதப் போறேன். மெத்தை.

"மெத்தையைப் பற்றி எழுத என்னடா இருக்கு, படுத்தா தூக்கம் வரும், அவ்வளவுதானே"ன்னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. 28,000 ரூபாய் மெத்தையை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாழாக்கின அனுபவசாலி பேசுறேன். :-)

இதில் எங்க பாட்டி வர்றாங்க. வயசானவங்க சங்கதி, எழுதலாமான்னு அவங்ககிட்டயே கேட்டேன். "எழுது மக்களே. வேற எவனாவது வெயில்ல போடாம இருப்பான்"னு சொல்லிட்டாங்க. அதனால் கொசுவர்த்தியைச் சுத்திக்கிறேன்.

எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் இறங்கினா ரப்பர் மரங்கள்தான். பாட்டி 26 வருஷம் பால் வெட்டினவங்க. பால் வெட்டுன்னா வெளியூர் நண்பர்களுக்குப் புரியாது. ரப்பர் மரத்தின் பட்டையில் சாய்வா, ஒரு நூல் கனத்துக்குச் சீவி விடுவாங்க. அந்தக் கோடு வழியா வெள்ளையா பால் வடிஞ்சு கீழே கட்டியிருக்கிற சிரட்டையில் விழும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மரத்துக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கும், பால் நல்லா வடியும். அதனால் பாட்டி காலையில் 3 மணிக்கு எழும்பிடுவாங்க. ஒரு நாளைக்கு முந்நூறு மரம். அந்தப் பால்தான் லேடெக்ஸ். மெத்தைக் கடைக்காரர் ஸ்டைலா சொல்ற அந்த வார்த்தைக்கு எங்க ஊரில் பேர் வெறும் பால்.

2022-ல் பாட்டி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சது. ஆபரேஷன், ரெண்டு மாசம் படுக்கை, அப்புறம் வாக்கர். வீட்டில் இருந்த இலவம் பஞ்சு மெத்தை நடுவில் குழி விழுந்து கிடந்தது. மஸ்கட்டில் இருக்கிற மாமா பணம் அனுப்பி, "அம்மைக்கு நல்லதா ஒண்ணு வாங்குங்க"ன்னார். ஆறு அங்குல லேடெக்ஸ் மெத்தை, ஒற்றைக் கட்டில் அளவு, 28,000 ரூபாய். நான்தான் கடைக்குப் போய் பேரம் பேசி வாங்கிட்டு வந்தேன். பில்லை பீரோவில் பத்திரமா வச்சேன். பி.காம். படிக்கிற பையன் இல்லையா.

2023 மே மாசம். அம்மாவும் அப்பாவும் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. ஞாயிறு காலையில் பாட்டி அறைக்குப் போனா ஒரு வாடை. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாங்க. சேலையும் விரிப்பும் பக்கெட்டில் முக்கி வச்சிருந்தது. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டே அதை எப்படிச் செஞ்சாங்கன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல. மெத்தை நனைஞ்சிருந்தது. ராத்திரி எழும்பறதுக்குள்ள போயிடுச்சு, அவ்வளவுதான் விஷயம். யாருக்கும் நடக்கக்கூடியது.

நான் முதலில் சொன்ன வாக்கியம் இது: "28,000 ரூபா மெத்தை பாட்டி! ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

கத்தல, சாதாரணமாத்தான் சொன்னேன். ஆனா சொன்னேன்.

பாட்டி பதில் பேசல. நான் உடனே ஹீரோ ஆயிட்டேன். அம்மா வர்றதுக்குள்ள மெத்தையைப் புத்தம் புதுசா ஆக்கிடணும்னு பக்கத்து வீட்டு நண்பனைக் கூப்பிட்டு, மேலுறையைக் கழற்றிட்டு, மெத்தையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். அதுக்கப்புறம் நான் செஞ்சதை வரிசையா எழுதுறேன். ஒவ்வொண்ணும் ஒரு தப்பு.

ஒண்ணு, ஹோஸ் பைப்பில் தண்ணி அடிச்சேன். லேடெக்ஸ் நுரைக்குள்ள லட்சக்கணக்கான சின்னச் சின்ன அறைகள், ஒண்ணுக்கொண்ணு வாசல் திறந்து கிடக்கும். அடிச்ச தண்ணி முழுக்க உள்ளே போய் உட்கார்ந்துக்கிச்சு.

ரெண்டு, துணி துவைக்கிற பவுடரும், கூடவே வெள்ளையாகட்டும்னு கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் போட்டு பிரஷ்ஷால் தேய்ச்சேன்.

மூணு, தூக்கினேன். காய்ஞ்சிருக்கும்போதே 20 கிலோ. தண்ணி குடிச்சப்புறம் எத்தனை கிலோன்னு தெரியாது, ரெண்டு பேரால அசைக்க முடியல. மூலையைப் பிடிச்சு இழுத்தோம். ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சது.

நாலு, அதை எப்படியோ மொட்டை மாடிக்கு ஏற்றி மே மாச வெயிலில் விரிச்சேன்.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த பாட்டி அப்போதான் வாயைத் திறந்தாங்க. "வெயில்ல போடாத மக்களே. அது பாலாக்கும்."

பால் திரிஞ்சு போயிடும்னு நினைக்கிறாங்க போலன்னு நான் சிரிச்சேன். நண்பனும் சிரிச்சான்.

மேல்பக்கம் ஒரே நாளில் காய்ஞ்சது. அமுக்கினா உள்ளேயிருந்து தண்ணி வந்தது. அதனால் ஒரு வாரம் முழுக்க மாடியிலேயே கிடந்தது. இறக்கும்போது வெயில் பட்ட பக்கம் மஞ்சளாகி, மேல்தோல் மொரமொரன்னு ஆகியிருந்தது. உள்ளே இன்னும் லேசா ஈரம், பூஞ்சை வாடை. அடுத்தடுத்த வாரங்களில் கையால் தடவினா ரவை மாதிரி உதிர ஆரம்பிச்சது.

பாட்டி சொன்னது பசும்பால் இல்லை. ஷீட் அடிச்ச அனுபவத்தைச் சொல்லியிருக்காங்க. பாலை ஆசிட் விட்டு உறைய வச்சு, ரோலரில் விட்டு ஷீட் ஆக்குவாங்க. அந்த ஷீட்டை வெயிலில் மறந்து போட்டுட்டா பசபசன்னு ஒட்டி, தரம் இறங்கி, விலை போயிடும். புகைக்கூண்டில் வச்சுப் பதமா காய வச்சாத்தான் நல்ல விலை. 26 வருஷம் அந்த வேலை செஞ்சவங்க ஒரே வரியில் சொன்னாங்க. நான் மூணு வருஷம் புத்தகம் தூக்கினவன், சிரிச்சேன்.

மெத்தை போனது பெரிய விஷயம் இல்லை. அதுக்கப்புறம் நடந்ததுதான் விஷயம்.

மெத்தை மாடியில் கிடந்த அந்த வாரம் பாட்டிக்குக் கட்டில் பலகையில் பழைய போர்வைகளை அடுக்கிப் போட்டோம். அது குத்துதுன்னு தரையில் பாய் விரிச்சுப் படுத்தாங்க. சரி, ஒரு வாரம்தானேன்னு விட்டோம். மெத்தையைத் திரும்பக் கட்டிலில் போட்டப்புறமும் பாய்தான். "எனக்கு இது போதும் மக்களே, தரை குளுமையா இருக்கு"ன்னாங்க. அம்மா ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. வயசானவங்க பிடிவாதம்னு நினைச்சோம்.

ஜூன் மாசம் ஒரு ராத்திரி தண்ணி குடிக்க எழும்பினேன். மணி மூணு இருக்கும். பாட்டி அறையில் லைட் இல்லை. ஏதோ அசையுற மாதிரி இருந்துச்சேன்னு எட்டிப் பார்த்தா, பாட்டி பாயில் உட்கார்ந்து, ஒரு கையால் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. எழும்ப முடியல. இடுப்பில் பிளேட் வச்சவங்களுக்குத் தரையிலிருந்து எழும்பறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு அதுவரை தோணவே இல்லை. எவ்வளவு நேரமா அப்படி உட்கார்ந்திருந்தாங்கன்னு கேட்டேன். சொல்லல.

"ஏன் பாட்டி கூப்பிடல?"

"நீங்க ஒறங்குதீங்கல்லா."

தூக்கி நிறுத்தி, பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், திரும்பக் கொண்டு வந்து கட்டிலில் உட்கார வச்சேன். உட்கார்ந்ததும் மெத்தை ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துட்டு, "இதுல இன்னொரு தடவை ஆயிப் போச்சுன்னா என்ன செய்ய"ன்னு கேட்டாங்க.

தரை குளுமையால பாட்டி பாயில் படுக்கல. 28,000 ரூபாயால படுத்திருக்காங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு லேடெக்ஸ் பற்றிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைக் கொஞ்சம் சொல்றேன். ஏன் செய்யக் கூடாதுன்னு காரணம் தெரிஞ்சா, எதைச் செய்யக் கூடாதுன்னு மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. (இது அக்கவுண்ட்ஸுக்கும் பொருந்தும்.)

ரப்பர் மரத்தின் பூர்வீகம் அமேசான் காடு. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அங்கே முளைச்ச கன்றுகள் இலங்கைக்கும் மற்ற ஆசிய நாடுகளுக்கும் வந்தன. இந்தியாவில் வணிகரீதியாக முதல் தோட்டம் 1902-ல் கேரளாவில் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் போட்டாங்க. எங்க மாவட்டமும் மழையும் மலையடிவாரமும் உள்ள ஊராச்சே, இங்கேயும் பரவிடுச்சு. இப்போ தமிழ்நாட்டில் ரப்பர்னா கன்னியாகுமரிதான். அரசு ரப்பர் கழகமே நாகர்கோவிலில்தான் இருக்கு.

மரத்திலிருந்து வர்ற பாலில் மூணில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலா, ரப்பர் இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணி. மெத்தைக்கு இந்தப் பாலில் அம்மோனியா சேர்த்து உறையாமல் பாதுகாத்து, மெஷினில் சுழற்றி 60 சதவீதம் ரப்பர் இருக்கிற கெட்டிப் பாலா ஆக்குவாங்க. அதில் கந்தகம் முதலான சில பொருள்களைச் சேர்த்து, காற்று ஏற்றி, முட்டை அடிக்கிற மாதிரி நுரைக்க அடிச்சு, அச்சில் ஊற்றி, ஆவியில் வேக வைப்பாங்க. கிட்டத்தட்ட இட்லிதான். இந்த முறையை 1929-ல் டன்லப் கம்பெனியில் மர்ஃபி என்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்சார், அதனால் டன்லப் முறைன்னு பேர். மெத்தையில் வரிசையா ஓட்டைகள் பார்த்திருப்பீங்க, அது அச்சில் இருக்கிற கம்பிகளின் தடம். சூடு உள்ளே வரைக்கும் போறதுக்கு அந்த ஏற்பாடு.

வெந்தாலும் அது ரப்பர்தான். ரப்பர் மூலக்கூறு நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கு. வெயிலும் காற்றில் இருக்கிற ஆக்ஸிஜனும் ஓசோனும் அங்கேதான் போய்த் தாக்கும். சங்கிலி அறுந்தா பிசுபிசுக்கும், அப்புறம் காய்ஞ்சு உதிரும். பழைய நோட்டுக்கட்டில் போட்ட ரப்பர் பேண்ட் ரெண்டு வருஷம் கழிச்சு என்ன ஆகும்? அதேதான் என் மெத்தைக்கு ஒரே வாரத்தில் ஆச்சு. பிளீச்சிங் பவுடரும் அதே வேலையைத்தான் செய்யும்.

இன்னொரு எதிரி எண்ணெய். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதும், வலுவை இழக்கும். பாட்டி தினமும் ராத்திரி இடுப்புக்கும் முழங்காலுக்கும் தைலம் தேய்ச்சுட்டுப் படுப்பாங்க. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேற. கழுவாமல் விட்டிருந்தாலும் மெத்தை மெதுவா போயிருக்கும்னு அப்போதான் புரிஞ்சது.

சரி, இனி சொல்ல வந்த விஷயம். லேடெக்ஸ் மெத்தை வச்சிருக்கிறவங்க இதைச் செய்யுங்க:

நனைஞ்சுட்டா நேரம் கடத்தாதீங்க. காய்ஞ்ச பருத்தித் துணியை மேலே வச்சு உள்ளங்கையால் அழுத்துங்க. தேய்க்காதீங்க, தேய்ச்சா ஈரம் உள்ளே இறங்கும். துணி மாற்றி மாற்றி, துணியில் ஈரம் வராத வரைக்கும். பழைய வேட்டி இதுக்கு அருமை.

அப்புறம் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணியில் நாலைந்து சொட்டு மென்மையான சோப்புத் திரவம். துணியை முக்கி நல்லாப் பிழிஞ்சு, கறை பட்ட இடத்தில் மட்டும் ஒற்றி எடுங்க. பிறகு வெறும் தண்ணியில் பிழிஞ்ச துணியால் ஒருமுறை. மறுபடி காய்ஞ்ச துணியால் அழுத்தணும்.

வாடை இருந்தா ஆப்பச் சோடாவைத் தூவி சில மணி நேரம் விட்டு, மென்மையான பிரஷ்ஷாலோ வேக்யூம் கிளீனராலோ எடுத்துடுங்க.

நிழலில், ஃபேனுக்கு அடியில் காய வையுங்க. ஒருபக்கம் காய்ஞ்சதும் திருப்புங்க. முழுசா காயாமல் உறை போடாதீங்க. வெயில், ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, எதுவும் வேண்டாம்.

மேலுறையைத் தனியா துவைக்கலாம், ஆனா அதில் தைச்சிருக்கிற குறிப்பைப் படிச்சுட்டு. நான் படிக்கல. பில்லைப் பத்திரப்படுத்தினவன் குறிப்பைப் படிக்கலங்கிறது எங்க வீட்டில் இன்னைக்கும் ஓடுற ஜோக்.

மூணு மாசத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாத் திருப்பிப் போடுங்க. தூக்கும்போது ரெண்டு பேர், அடியில் கை கொடுத்து. மூலையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, மடிச்சு வைக்கக் கூடாது.

கட்டில் அடி மூடின பிளைவுட்டா இருந்தா காற்றோட்டம் இருக்காது. எங்க ஊரில் ரெண்டு பருவமழையும் பெய்யும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை நிச்சயம். இடைவெளி விட்ட பலகைச் சட்டங்கள்தான் நல்லது. தரையில் நேரா போடவே போடாதீங்க.

எல்லாத்துக்கும் மேல, ஈரம் இறங்காத உறை ஒண்ணு முதல் நாளே போட்டுடுங்க. மெத்தை வாங்கும்போது கடைக்காரர் அதை எடுத்துக் காட்டினார். "ஆயிரம் ரூபா வீண் செலவு"ன்னு நான்தான் வேண்டாம்னேன். பராமரிப்புச் செலவு செஞ்சா சொத்தின் ஆயுள் கூடும்னு தேர்வில் ரெண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கினவன் நான்.

இப்போ மெத்தைக் கதை. கிழிஞ்ச மூலையை ரப்பருக்கான பசை போட்டு ஒட்டினோம். வாடை போகப் பத்து நாள் ஃபேனடியில் கிடந்தது. உதிர்ற பக்கத்தைக் கீழே போட்டு, நல்ல பக்கத்தை மேலே திருப்பி, மேலுறை, ஈரம் இறங்காத உறை, அதுக்கு மேல மருத்துவமனையில் போடுவாங்களே அந்த ரப்பர் விரிப்பு, அதுக்கு மேல பருத்தி விரிப்பு. தைலம் தேய்க்கிற இடத்துக்கு ஒரு துண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி, ஒரு சின்ன இரவு விளக்கு. வயர் இல்லாத காலிங் பெல் ஒண்ணு வாங்கி, பட்டனைப் பாட்டி தலைமாட்டிலும் பெல்லை என் அறையிலும் வச்சேன். பாதிப் பிரச்சினை மெத்தையைச் சுத்தம் பண்றதில் இல்லவே இல்லை. ராத்திரி ஒருத்தரைக் கூப்பிடலாம், அவங்க முகம் சுளிக்க மாட்டாங்கன்னு பாட்டிக்குத் தோணணும். அதுக்கு எந்தக் கடையிலும் உறை கிடைக்காது.

ஆனாலும் பாட்டி பாயை விடல. "நனைஞ்சா நாசமாப் போகுமே"ன்னு அதே பாட்டு. நான் கால்குலேட்டரை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மெத்தை 20 கிலோ. மற்ற சேர்மானம் போக 18 கிலோ ரப்பர்னு வச்சுக்கோங்க. அதுக்கு ஐம்பது லிட்டருக்குப் பக்கத்தில் பால் வேணும். ஒரு மரத்தில் ஒரு வெட்டுக்கு உலர்ந்த கணக்கில் 45 கிராம் ரப்பர் கிடைச்சா, முந்நூறு மரத்துக்கு பதிமூணரை கிலோ. அப்போ ஒரு மெத்தைக்கு எத்தனை நாள் வேலை?

"ஒண்ணேகால், ஒண்ணரை நாள் பாட்டி. உங்க ஒண்ணரை நாள் வெட்டுதான் இந்த மெத்தை."

பாட்டி கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. கண் கலங்குவாங்கன்னு எதிர்பார்த்தேன். "மழைக்காலத்துல அத்தனை பால் கிட்டாது. ரெண்டு நாளுன்னு போடு"ன்னாங்க. கணக்கில் தப்பு கண்டுபிடிச்சுட்டாங்க!

அப்புறம், "26 வருசம் வெட்டினதுக்கு எத்தனை மெத்தை வரும்?"னு கேட்டாங்க. வருஷத்துக்கு நூறு நாள்னு குறைச்சு வச்சாலும் ஆயிரத்து முந்நூறு மெத்தைன்னு சொன்னேன். இந்தத் தடவை எதுவும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி கட்டிலில் படுத்தாங்க.

நான் சொன்ன கணக்கால படுத்தாங்களா, இல்லை நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததாலயான்னு தெரியாது. நான் மன்னிப்புக் கேட்கணும்னுதான் போனேன், கேட்கத் தெரியாம கால்குலேட்டரை எடுத்துட்டுப் போனேன். காமர்ஸ் பசங்க அப்படித்தான்.

அதுக்கப்புறம் மெத்தை ரெண்டு தடவை நனையப் பார்த்தது. உறையோட நின்னுடுச்சு. பெல் வாரத்துக்கு நாலைந்து தடவை அடிக்கும். முதல் தடவை அடிச்சது ராத்திரி மூணு மணிக்கு. அடிச்சுப் புரண்டு ஓடினா, பாட்டி சாவகாசமா படுத்திருக்காங்க.

"என்ன பாட்டி?"

"ஒண்ணுமில்ல மக்களே. அடிக்குதான்னு பாத்தேன்."

டிஸ்கி 1: மேலே உள்ளது லேடெக்ஸுக்கு மட்டும். சாதா ஃபோம், மெமரி ஃபோம் எல்லாம் வேற பொருள். இலவம் பஞ்சு மெத்தையை வெயிலில் போடலாம், போடணும்.

டிஸ்கி 2: வாங்கும்போது இயற்கை லேடெக்ஸா, செயற்கை கலந்ததான்னு கேட்டு வாங்குங்க. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவங்க மருத்துவரிடம் கேட்டுக்கோங்க.

டிஸ்கி 3: உங்க வீட்டுப் பெரியவங்க "வெயில்ல போடாத"ன்னா போடாதீங்க. சிரிக்காதீங்க.